15 குதிரை யமஹா படகு எஞ்சினுக்குக் கட்டுப்படியாகும் ஸ்பார்க் பிளக் எது? இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி போகிறது

முட்டம்காரன்:
அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 15 குதிரை யமஹா, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். சின்ன ஃபைபர் வள்ளம். நானும் மச்சானும் கணவாய்த் தூண்டிலுக்குப் போகிறோம். இந்த சீசன் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளக் ஷார்ட் ஆகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் கறுப்பாக, எண்ணெய் வடிய, ஈரமாக இருக்கிறது. முந்தாநாள் இரவு கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் வெளியே எஞ்சின் நின்றுவிட்டது. கயிறு இழுத்து இழுத்து கை தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் மச்சான் பிளக்கைத் துடைத்து லைட்டர் தீயில் காட்டிப் போட்டான், ஒரு சிலிண்டரிலேயே இழுத்துக்கொண்டு விடியும் நேரத்தில் கரை சேர்ந்தோம். பிடித்த கணவாய் ஏலத்துக்கு நேரம் தப்பிவிட்டது.

எஞ்சின் சாமான் கடையில் வாங்கும் பிளக் மாதம் இரண்டு ஜோடி என்றால் எனக்குக் கட்டாது. ஊரில் பெயர் தெரியாத ஒரு கம்பெனி பிளக் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போடலாமா? பைக் பிளக் சேருமா? ஒருவர் இரிடியம் முனை வைத்த பிளக் போட்டால் இரண்டு வருஷம் கவலையில்லை என்கிறார். எது உண்மை?

கவுண்டர்பையன்:
நாகர்கோவிலில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன், அதனால் பிளக் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் பழைய பிளக்கின் பீங்கான் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எஞ்சினுக்கு என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ்-10 அல்லது பிஆர்7எச்எஸ்-10 என்றுதான் இருக்கும். அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பி என்றால் மரை 14 மி.மீ. ஆர் இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 7 என்பது சூட்டு எண், இந்தக் கம்பெனியில் எண் குறைந்தால் பிளக் சூடு, ஏறினால் குளிர்ச்சி. எச் என்றால் மரை நீளம் 12.7 மி.மீ., அதாவது அரை இஞ்ச். எஸ் என்பது நடுக்கம்பி சாதாரண வகை, செம்பு உள்ளே வைத்தது. கடைசி 10 என்றால் ஸ்பார்க் தாவும் இடைவெளி 1 மி.மீ.

இதே எண் பிளக்கை இரண்டு இடத்தில் விற்கிறார்கள். எஞ்சின் கம்பெனி டப்பாவில் போட்டு ஒரு விலை, பிளக் கம்பெனியின் சொந்த டப்பாவில் இன்னொரு விலை. பொருள் ஒன்றேதான். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் இந்த அரை இஞ்ச் மரை பிளக்தான் ஓடியது, அதனால் டூவீலர் கடைகளில் இன்னும் வரவழைத்துத் தருவார்கள். "போட் பிளக்" என்று கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் கடையில் பத்து பிளக் பெட்டியாக எடுத்தால் இன்னும் குறையும், நாலு வள்ளக்காரர் சேர்ந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

பைக் பிளக் சேருமா என்றால், எண் ஒன்றாக இருந்தால் சேரும். மரை ஏறுகிறது என்பதற்காக மட்டும் போடாதீர்கள். எச் இருக்கிற இடத்தில் ஈ என்று வந்தால் மரை நீளம் 19 மி.மீ. அதுவும் அதே துளையில் ஏறிவிடும், ஏறி உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், பிஸ்டன் வந்து அடிக்கும். ஒரு பையன் ஆற்றுப் படகுக்கு இப்படிப் போட்டு பிஸ்டன் தலை உடைந்து எங்கள் கடைக்கே வந்து நின்றான். பிளக் விற்றது நாங்கள் இல்லை, ஆனாலும் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தூத்துக்குடி ஸ்பானர்:
தம்பி கவுண்டர் சொன்னது அத்தனையும் சரி. நான் வேறு பக்கம் வருகிறேன். முட்டம் தம்பி, உங்கள் பிளக் கெட்டுப் போகவில்லை, அதை எண்ணெய் மூழ்கடிக்கிறது. ஈரமாக, கறுப்பாக, இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்கிறீர்கள், என்ன ஆயில்?

முட்டம்காரன்:
அண்ணே, 20 லிட்டர் கேனுக்கு ஒரு லிட்டர் ஆயில். அப்பா காலத்திலிருந்து அதுதான் அளவு. ஆயில் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பைக் டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்.

தூத்துக்குடி ஸ்பானர்:
அப்படியென்றால் லிட்டருக்கு 50 மில்லி. உங்கள் எஞ்சின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், புது எஞ்சின் ஓட்டிப் பழக்கும் பத்து மணி நேரத்துக்கு 25க்கு 1, அதற்கப்புறம் 50க்கு 1 என்று இருக்கும். லிட்டருக்கு 20 மில்லி. நீங்கள் இரண்டரை மடங்கு ஊற்றுகிறீர்கள். அப்பா காலத்து எஞ்சினும் ஆயிலும் வேறு, அவரைக் குறை சொல்லவில்லை. ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்று நம் கடற்கரை முழுக்க ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அதனால் வீணாகும் காசுக்கு நூறு பிளக் வாங்கலாம்.

இரண்டாவது, ஆயில் வகை. பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, மிகச் சூடாக ஓடுவது. அதற்கான டூ டி ஆயிலில் சாம்பல் விடும் மருந்து கலந்திருக்கும். நம் எஞ்சின் கடல் தண்ணீரில் குளிர்வது, உள்ளே அவ்வளவு சூடு ஏறாது, அந்தச் சாம்பல் எரிந்து போகாமல் பிளக் பாயிண்டில் படியும். இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் பாலம் போலப் படிந்து ஸ்பார்க்கே வராமல் நின்றுபோன பிளக் என் பட்டறையில் டப்பா நிறைய இருக்கிறது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் படகு ஆயில் வாங்குங்கள். லிட்டர் விலை கூடத்தான், ஆனால் பாதிக்கும் குறைவாக ஊற்றப் போகிறீர்கள், கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது, கணவாய்த் தொழில். விளக்கு வெளிச்சத்தில் நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு ஏற்ப வள்ளத்தை நிறுத்த மெதுவாக, மணிக்கணக்கில் ஓட்டுவீர்கள். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் போனால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். மெதுவாகவே ஓடினால் அந்தச் சூடு வராது. மணிக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று நிமிடம் நன்றாகத் திருகி ஓட்டி எடுங்கள்.

அலைக்கரை:
மெதுவாக ஓட்டும் தொழில்தான் என்றால் ஒரு எண் சூடான பிளக் போட்டால் போதுமே? நான் 7க்குப் பதில் 6 போட்டு ஒன்றரை வருஷமாக ஓட்டுகிறேன். பிளக் கறுப்பதே இல்லை. இதற்கு ஏன் இவ்வளவு சுற்று?

தூத்துக்குடி ஸ்பானர்:
உங்களுக்கு ஓடுகிறது, நம்புகிறேன். ஆனால் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிளக்கில் 6 போட்டால் நுனி எல்லா வேகத்திலும் சூடாகவே நிற்கும். கணவாய்க்கு நிற்கும்போது நல்லது. திரும்பும்போது மீன், ஐஸ், வலை, இரண்டு பேர், எதிர்காற்று, முழுத் திருகு. அப்போது நுனி 850 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான். பிளக் வெள்ளையாக, கொப்புளம் விட்டது போல இருந்தாலோ, பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளி நிறத் துகள் ஒட்டியிருந்தாலோ அது பிஸ்டனின் அலுமினியம், உடனே நிறுத்துங்கள் என்று அர்த்தம். பிளக் கறுத்தால் போவது ஒரு பிளக். பிளக் வெளுத்தால் போவது எஞ்சின்.

அலைக்கரை:
நான் முழு வேகத்தில் போகும் தூரம் குறைவு, மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் நீங்கள் சொன்ன வெள்ளித் துகளை நான் இதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. நாளைக்குக் கழற்றிப் பார்க்கிறேன்.

பேசாலைப் பெடியன்:
வணக்கம் அண்ணைமார். மன்னாரில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் கூட. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் மாதக்கணக்கில் வள்ளம் கரையில் கிடந்தது, பிறகு விலையும் ஏறிவிட்டது. அதனால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று பிளக்கை நாங்கள் நிறையக் கவனித்துப் பழகிவிட்டோம். மண்ணெண்ணெய் எஞ்சினை பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி நன்றாகச் சூடான பிறகுதான் மாற்ற வேண்டும், கரைக்கு வருமுன் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி கார்பரேட்டரில் இருக்கிறது எரிந்து முடிய விட்டு நிறுத்த வேண்டும். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அடுத்த நாள் பிளக் நனைந்துதான் கிடக்கும். பெட்ரோல் மாடலும் மண்ணெண்ணெய் மாடலும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பிளக் எண்ணை அந்தந்தப் புத்தகத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பக்கத்து வள்ளத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது.

முட்டம் அண்ணை, மச்சானிடம் சொல்லுங்கோ, வள்ளத்துக்குள் லைட்டர் தீ வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் கேன் திறந்திருக்கும், சிலிண்டரில் இருந்து ஆவி வரும். எங்கட ஊரில் ஒருவருக்கு இரண்டு கையும் வெந்தது.

முட்டம்காரன்:
சரி தம்பி, சொல்லிவிட்டேன். அவனும் இதைப் படித்தான். அப்போ நனைந்த பிளக்கைக் கடலில் என்ன செய்வது? உப்புத்தாளால் தேய்க்கலாமா?

தூத்துக்குடி ஸ்பானர்:
கடலில் செய்ய வேண்டியது ஒன்றுதான், புது பிளக்கை மாற்றுவது. ஒரு ஜோடி மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும், கூடவே 21 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர். இதை விட மலிவான காப்பீடு கடலில் கிடையாது.

கரையில் சுத்தம் செய்வதென்றால் பெட்ரோலில் ஊறவைத்து நைலான் பிரஷ் போட்டுக் காயவிடுங்கள். கம்பி பிரஷ் போட்டால் பீங்கானில் உலோகக் கோடு விழும், அதன் வழியாகக் கரண்ட் கசியும். மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம், மணல் உள்ளே தங்கி சிலிண்டரைக் கீறும். சுத்தம் செய்ததை மாற்றுப் பிளக்காக வையுங்கள், நிரந்தரமாக ஓட்ட வேண்டாம்.

கவுண்டர்பையன்:
பெயர் தெரியாத கம்பெனி பிளக் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மலிவு பிளக் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் உள்ள மற்ற கம்பெனிகள் இருக்கின்றன. டென்சோவில் டபிள்யூ22எஃப்எஸ்-யூ என்பது பி7எச்எஸ்ஸுக்குச் சமம், சாம்பியனில் எல்82சி. இடைவெளியை மட்டும் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து உங்கள் அளவுக்குச் சரி செய்துகொள்ள வேண்டும், 0.9 முதல் 1 மி.மீ. வரை. பாஷ் வாங்கினால் கவனம். நம் பழைய மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ பிளக் என்பார்களே, அந்தக் கம்பெனிதான் 2008இல் பெயர் மாறி பாஷ் ஆனது. அவர்கள் எண் தலைகீழ். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏறச் சூடு. 7க்கு 7 என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. இரண்டும் வேறு வேறு பிளக்.

உண்மையான தொல்லை போலி. நல்ல பெயரை அச்சடித்து, நல்ல டப்பா மாதிரியே டப்பா. ஏமாற்றும் விலைக்கு வரும், சில சமயம் சரியான விலைக்கே வரும், அதுதான் மோசம். நான் பார்ப்பது இவ்வளவு: பீங்கானில் எழுத்து தெளிவாக, நேராக இருக்க வேண்டும். நடுக்கம்பி சரியாக நடுவில் இருக்க வேண்டும். மரை பளபளப்பாக, பிசிறில்லாமல் இருக்கும். வாஷரைக் கையால் திருகிக் கழற்ற முடியக் கூடாது, அசலில் அது மரையோடு பிடித்திருக்கும். அப்புறம் ஆர் எழுத்து உள்ள பிளக் என்றால் மல்டிமீட்டரை மேல் முனையிலும் நடுக்கம்பியிலும் வையுங்கள், சுமார் 5 ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். ஆர் போட்டிருந்தும் பூஜ்யம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டரே இல்லை. அதைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், தப்பாக நினைத்தால் நினைக்கட்டும். கடலில் நிற்கப் போவது நீங்கள்.

பேசாலைப் பெடியன்:
ஆர் உள்ளது வேண்டுமா, இல்லாதது போதுமா?

கவுண்டர்பையன்:
வள்ளத்தில் ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி, விஎச்எஃப் வாக்கி இருந்தால் ஆர் உள்ளது. ஆர் இல்லாவிட்டால் எஞ்சின் ஓடும்போது வாக்கியில் கரகரவென்று இரைச்சல் வரும். ஒன்றும் இல்லாத வள்ளம் என்றால் உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அது. விலை வித்தியாசம் சொற்பம்தான்.

இரிடியம் பற்றி ஒரு வரி. பிளக் பாயிண்ட் தேய்ந்து போகும் எஞ்சினுக்கு அது நல்லது, நீண்ட நாள் வரும். எண்ணெயில் நனையும் எஞ்சினில் இரிடியமும் அதே எண்ணெயில்தான் நனையும். பல மடங்கு விலை கொடுத்து அதே ராத்திரி அதே இடத்தில் நிற்பீர்கள். எனக்கு அதில் லாபம் கூடுதல், இருந்தாலும் உங்களுக்கு விற்க மாட்டேன்.

அலைக்கரை:
கழற்றிப் பார்த்தேன். மேல் சிலிண்டர் பிளக் லேசான சாம்பல் வெள்ளை, கீழ் பிளக்கும் அதேதான். துகள் இல்லை. ஆனாலும் மனசு சரியில்லை, 7 எண் வாங்கிப் போட்டுவிட்டேன். ஸ்பானர் அண்ணனுக்கு நன்றி. ஒரு கேள்வி, இறுக்குவது எவ்வளவு? எங்கள் பக்கம் ஒருவர் பலமாக இறுக்கி மரையே போய்விட்டது.

தூத்துக்குடி ஸ்பானர்:
எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு, எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கையால் மட்டும் திருகி வாஷர் உட்காரும் வரை ஏற்றுங்கள், ஸ்பானரை முதலிலேயே போடாதீர்கள், மரை கோணலாக ஏறும். உட்கார்ந்த பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று, அதற்குச் சற்று மேல். கழற்றிய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஸ்பானரை ஒரு துளி திருப்பினால் போதும். டார்க் ரிஞ்ச் (இறுக்கும் அளவு காட்டும் ஸ்பானர்) இருந்தால் 25 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவுவதை நான் செய்வதில்லை, வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும். உப்புக்குப் பயந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், பிடிக்காது.

முட்டம்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டூவீலர் கடையில் எண் சொல்லி பிஆர்7எச்எஸ்-10 நாலு வாங்கினேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவரே பிடித்துக் காட்டினார். எஞ்சின் கடை விலையில் கிட்டத்தட்ட முக்கால்தான் ஆனது. ஆயில் மாற்றினேன், லிட்டருக்கு 20 மில்லி, மருந்து பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுகிறேன். முதல் நாள் அப்பா கேனைப் பார்த்துவிட்டு எஞ்சின் பிடித்துவிடும் என்று சத்தம் போட்டார், புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். இப்போது புகை குறைவு, அவருக்கே தெரிகிறது.

நேற்று கழற்றிப் பார்த்தேன். மேல் பிளக் காப்பித்தூள் நிறம், காய்ந்திருக்கிறது. கீழ் பிளக் மட்டும் இன்னும் கறுப்பு, லேசான ஈரம். இது என்ன?

தூத்துக்குடி ஸ்பானர்:
நல்ல சேதி. உங்கள் எஞ்சினில் கார்பரேட்டர் ஒன்றுதான், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கலவைதான் போகிறது. அதனால் ஒன்று மட்டும் நனைந்தால் முதலில் ஸ்பார்க் பக்கம் பாருங்கள். மேல் பிளக்கைக் கீழேயும் கீழ் பிளக்கை மேலேயும் மாற்றிப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். கறுப்பு பிளக்கோடு மேலே போனால் பிளக் குறை. கறுப்பு கீழேயே நின்றால் பிளக்மேல் தப்பில்லை, ஒயரும் பிளக் கேப்பும் (பிளக் தலையில் மாட்டும் ரப்பர் மூடி) பாருங்கள். அதுவும் சரி என்றால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். சோதிக்கும்போது பிளக்கைத் தொங்கவிட்டுக் கயிறு இழுக்காதீர்கள், பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சின் பிளாக்கோடு ஒட்டிப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் சிடிஐ யூனிட் அடிவாங்கும், அதன் விலை உங்களுக்கே தெரியும். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

முட்டம்காரன்:
மாற்றிப் போட்டேன் அண்ணே, கறுப்பு கீழேயே நின்றது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பார்த்தோம். கீழ் பிளக் கேப்பின் ஓரத்தில் நீலமாக ஒரு நூல் துடிக்கிறது. ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, உள்ளே ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடந்தது. ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு புது கேப் திருகினோம். இரண்டு கேப்பும் மாற்றிவிட்டேன், இரண்டு பிளக் விலைகூட ஆகவில்லை. ஒவ்வொரு தடவை கரை வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, கேப்பைத் துணியால் துடைத்து வைக்கிறோம்.

இந்த சீசனில் எத்தனை பிளக் வாங்கினேன் என்று மச்சான் எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு அமாவாசை, கணவாய் ஏறும். ஆறு மணிக்குத் தள்ளுகிறோம். மிச்சம் இரண்டு பிளக்கும் 21 பாக்ஸ் ஸ்பானரும் டப்பாவில் இருக்கிறது.

பேசாலைப் பெடியன்:
போய் வாங்கோ அண்ணை. டப்பாவுக்குள் ஒரு காய்ந்த துணியும் வையுங்கோ, கை நனைந்திருக்கும்.